மலைக்காட்டு ஜீப்புக்கு மறுபடியும் பழைய இன்ஜின்: உதவி கேட்டுப் பெற்ற கதை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மின்னிதழுக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தந்தது.)



செயலாளர் என்னிடம் "ஏதாவது பயனுள்ள விஷயமாப் பேசுங்க சார்" என்றார். பி.காம். படித்து, 34 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் பயனுள்ளதாகப் பேசினால் அது பெரும்பாலும் நாமினேஷன், சீனியர் சிட்டிசன் டெபாசிட் என்றுதான் இருக்கும். அதை ஏற்கெனவே இரண்டு கூட்டத்தில் பேசியாகிவிட்டது. ஆகவே இன்று ஜீப் இன்ஜின் மாற்றியதைப் பற்றிப் பேசுகிறேன். பயப்பட வேண்டாம், எனக்கும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. தெரியாதவன் தெரிந்தவரிடம் உதவி கேட்டுப் பெறுவது எப்படி என்பதுதான் விஷயம்.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் சிறு விவசாயி. காப்பி, மிளகு, கொஞ்சம் மலைவாழை. தார் ரோட்டிலிருந்து அவர் தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி மட்டும்தான் ஏறும். அவரிடம் இருப்பது மஹிந்திரா எம்.எம். 540 ஜீப். மூட்டை இறக்குவதும் அதில்தான், அங்கிருக்கும் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதில்தான். இரண்டு பிரசவத்துக்கு இரவில் வத்தலக்குண்டு வரை ஓட்டியிருக்கிறார்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு முதலில் 15 வருஷம், அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த புதுப்பித்தலுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது மச்சினன் காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்தார். "அத்தான், நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார். வாகனக் கடன் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆர்.சி.யைக் கையில் எடுத்தால் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு ஒத்துப் பார்க்காமல் விடமாட்டான். சேசிஸ் எண் சரியாக இருந்தது. இன்ஜின் எண் பொருந்தவில்லை. ஆர்.சி.யில் 2112 சி.சி. என்று இருந்தது. வண்டியில் இருந்ததோ 2523 சி.சி. இன்ஜின்.

எட்டு வருஷம் முன்பு அவர் அந்த ஜீப்பை வாங்கியபோதே உள்ளே இருந்தது வேறு இன்ஜின்தான். பெயர் மாற்றத்தை ஒரு ஏஜென்ட் முடித்துக் கொடுத்திருக்கிறார். யாரும் பானெட்டைத் திறந்து எண்ணைப் பார்க்கவில்லை.

இந்த இரண்டு இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எம்.எம். 540க்குக் கம்பெனி கொடுத்தது பிரான்ஸ் நாட்டு பெஜோ வடிவமைப்பில் வந்த எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் இன்ஜின். 90 என்றால் சிலிண்டரின் விட்டம் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டருக்கும் கணக்குப் போட்டால் 2112 கன சென்டிமீட்டர் வரும், பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். மாற்றி வைத்திருந்தது மஹிந்திராவின் டி.ஐ. இன்ஜின். விட்டம் 88.9, ஓட்டம் 101.6, அதாவது மூன்றரை அங்குலத்துக்கு நான்கு அங்குலம். 2523 சி.சி. டிராக்டர் வம்சத்தில் வந்தது. நீண்ட ஓட்டம் என்பதால் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். ஹீட்டர் பிளக் தொல்லை கிடையாது. உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். முந்தைய உரிமையாளர் செய்ததில் நியாயம் இருந்தது என்றுதான் நான் சொல்வேன். மலை ஏறுகிற வண்டிக்கு அது நல்ல இன்ஜின். காகிதத்தில் ஏற்றாததுதான் வினை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். அபராதத்தைக்கூட விடுங்கள். மூட்டையோடு நாலு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஏதாவது ஆகிவிட்டால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான். எண் பொருந்தாத வண்டி என்றால் நஷ்ட ஈடு முழுவதும் மச்சினன் தலையில் வந்து விழலாம். அவருக்கு இருப்பது மூன்றரை ஏக்கரும் ஓட்டு வீடும்தான்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் எழுத்து மூலமாக விசாரித்தோம். டி.ஐ. இன்ஜினை அப்படியே பதிவில் ஏற்ற வழியில்லை, ஆர்.சி.யில் உள்ள இன்ஜினோடு வந்தால் தடையில்லை என்றார்கள். ஆக, பழைய இன்ஜினைத் தேட வேண்டும். இருக்கிறதா, எடைக்குப் போய்விட்டதா என்றே தெரியாது.

தேடியது வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் பைசல் செய்கிற மாதிரிதான். விற்றவரைக் கேட்டோம். அவர் பண்ணைக்காட்டில் இன்ஜின் மாற்றித் தந்த பட்டறையைச் சொன்னார். பட்டறை மூடியாகிவிட்டது. அங்கே வேலை பார்த்த பையன் இப்போது நிலக்கோட்டையில் டயர் கடை வைத்திருக்கிறார். "அந்த இன்ஜினா? காப்பிக் களத்து ஷெட்லயே இறக்கி வச்சோம் சார், யாரும் எடுக்கலை" என்றார். போய்ப் பார்த்தால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் அச்செடுத்தேன். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப் போனது. மச்சினன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எண் கிடைத்தது, ஆனால் இன்ஜின் சிறைப்பட்டிருந்தது. அதாவது பிஸ்டன் இறுகி அசையவில்லை. பிளைவீல் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் வண்டியில். டி.ஐ. இன்ஜின் உட்கார வேண்டும் என்பதற்காக சேசிஸில் இருந்த பழைய பிராக்கெட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு வேறு வைத்திருந்தார்கள். கியர்பாக்ஸின் முன்னால் இருக்கும் பெல் ஹவுசிங்கில் துளைகளை அகலப்படுத்தி, நடுவில் 18 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு இரும்புப் பிளேட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். வந்த வழியே திரும்பிப் போக வழி இல்லை.

மூன்று பட்டறையில் கேட்டோம். முதல் இடத்தில் போனிலேயே "செஞ்சிடலாம் சார், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றார்கள். எவ்வளவு ஆகும், எத்தனை நாள் என்றால் பதில் இல்லை. இரண்டாவது இடத்தில், "அந்த இன்ஜின் நம்பரை இந்த இன்ஜின்ல குத்திடலாம், ரெண்டு நாள் வேலை" என்று சொன்னார்கள். அது குற்றம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மூன்றாவது பட்டறைக்காரர் நல்ல மனிதர். "என்னால முடியாது, இதுக்குப் பழைய ஆள் வேணும்" என்று சொல்லி ஒருவரைக் காட்டினார். அரசுத் துறை வாகனப் பணிமனையில் ஜீப் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேஸ்திரி. வயது 74. முழங்கால் வலி, மலைக்கு வர முடியாது.

அவரிடம் முதலில் பேசியது மச்சினன். "அய்யா, ஜீப்புல இன்ஜின் மாத்தணும், ஒத்துக்க மாட்டேங்குது" என்றார். மேஸ்திரி, "எது எதோட ஒத்துக்கலை தம்பி?" என்று கேட்டார். மச்சினன் விழித்தார். "அளந்துட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

நம்மில் பலர் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போய்விடுவோம். எனக்கு அவர் பேச்சு பிடித்துப் போயிற்று. எங்கள் மேனேஜர் ஒருவர் இப்படித்தான். "சார், டேலி ஆகலை" என்று போய் நின்றால், "எவ்வளவு வித்தியாசம்? டெபிட்டிலா, கிரெடிட்டிலா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தன் வேலையைப் பார்ப்பார். முதல் இரண்டு பட்டறையில் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் மறுநாள் அவருக்குப் போன் செய்து, என்னென்ன அளக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன்: எங்கே அளந்தது, எதை வைத்து அளந்தது, எவ்வளவு, போட்டோ எண். போட்டோ எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்தே எடுத்தோம். இல்லாவிட்டால் அந்தத் துளை கட்டை விரல் அளவா, சுண்டு விரல் அளவா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. போனில் பேசும்போது "இந்தத் தாளில் ஏழாவது வரி" என்று சொன்னால் இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்ப்போம்.

அவர் சொன்ன முதல் விதி, கியர்பாக்ஸை அசைக்காதீர்கள் என்பது. கியர்பாக்ஸோடுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது, அதிலிருந்துதான் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகிறது. அதை அசைத்தால் எல்லாமே கெடும். ஆகவே கியர்பாக்ஸை வீட்டின் மூலைக்கல் மாதிரி வைத்துக்கொண்டு, அங்கிருந்து முன்னால் அளந்து வர வேண்டும்.

அடுத்து ஒரு கேள்வி கேட்டார். "பெல் ஹவுசிங்குல டவல் பின் இருக்கா, இல்லை போல்ட்டு மட்டுமா?" போய்ப் பார்த்தோம். டவல் துளைகளைக் கடைசல் போட்டு அகலமாக்கியிருந்தார்கள். பின் இல்லை, வெறும் போல்ட். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வருஷா வருஷம் கியர்பாக்ஸ் முன் பேரிங் போகுமே?" என்றார். மச்சினன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ஆமாய்யா, மூணு தடவை மாத்திட்டேன்!" என்றார். வண்டியைப் பார்க்காமலே சொன்னார்.

காரணத்தையும் விளக்கினார். போல்ட் இறுக்கிப் பிடிக்கத்தான். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் நிற்க இடம் காட்டுவது அந்த இரண்டு டவல் பின்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் மூக்கு, இன்ஜின் கிராங்க் ஷாஃப்டின் நடுவில் இருக்கும் பைலட் புஷ்ஷுக்குள் போய் உட்கார வேண்டும். மையம் விலகினால், சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஷாஃப்டை யாரோ பக்கவாட்டில் உலுக்குவது போல இருக்கும். கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி உடையும், பேரிங் அரையும். போதாததற்கு அந்த 18 மில்லிமீட்டர் பிளேட்டால் இன்ஜின் முன்னுக்குத் தள்ளிப் போய், ஷாஃப்டின் மூக்கு புஷ்ஷுக்குள் ஆறு மில்லிமீட்டர்தான் நுழைந்திருந்தது. டி.ஐ. இன்ஜினில் குறை இல்லை, சேர்த்த விதத்தில் குறை. மச்சினன் இத்தனை வருஷமாக பேரிங் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இன்ஜின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டில் பிரித்தார்கள். கிராங்க் ஷாஃப்டைக் கடைசல் பிடித்து அடுத்த அளவு பேரிங் போட்டது, சிலிண்டர் ஹெட்டைச் சமப்படுத்தியது, புது பிஸ்டன் செட், டீசல் பம்ப்பும் நாசிலும் சர்வீஸ். பிளைவீல் மதுரையில் பழைய வண்டி உடைக்கும் கடையில் கிடைத்தது. அதிலும் மேஸ்திரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: பிளைவீலையும் ஸ்டார்ட்டரையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து வாங்குங்கள், பல் பொருந்தவில்லை என்றால் இரண்டும் வீண் என்று. கடைக்காரரிடம் பில் கேட்டு வாங்கினேன். பழைய இரும்புக் கடையில் பில் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது, அவர் பேனா தேட வேண்டியிருந்தது.

பெல் ஹவுசிங்கை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்ததுதான் இதில் ரசமான வேலை. மேஸ்திரி சொன்னபடி, பிளைவீல் மேல் ஒரு டயல் கேஜைக் காந்தத்தால் ஒட்ட வைத்தார்கள். அதன் முள் பெல் ஹவுசிங்கின் வட்டத் துவாரத்தின் உள்பக்கத்தைத் தொட்டபடி இருக்கும். இன்ஜினைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால், முள் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஐந்துக்கு மேல் ஆடக்கூடாது. எங்களுக்கு 22 காட்டியது. போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் தட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி சுற்றி, மதியம் முழுவதும் இதே வேலை. 14, 9, 11, 6 என்று வந்து, கடைசியில் 4. அந்த நிலையில் அப்படியே புதிதாக டவல் துளை போட்டுப் பின்னை அடித்தார்கள். இனி எத்தனை முறை கழற்றினாலும் அதே இடத்தில் உட்காரும். நான் அந்த எண்களை வரிசையாகத் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். லேத் பட்டறைப் பையன், "சார், மேட்ச் ஸ்கோர் மாதிரி எழுதுறீங்களே" என்றான்.

அடுத்தது பிராக்கெட். இன்ஜினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, கியர்பாக்ஸோடு சேர்த்து, உயரத்தையும் சாய்வையும் பார்த்த பிறகுதான் பிராக்கெட்டைச் சேசிஸில் வைக்க வேண்டும். அதுவும் முதலில் புள்ளிப் பற்றவைப்பு மட்டும். முழுதாக வெல்டிங் செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொன்னார். இந்த ஜீப்பில் முன் அச்சின் டிஃபரன்ஷியல் உருண்டை நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. குழியில் இறங்கி ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது அந்த உருண்டை மேலே எழும்பி வரும். இன்ஜினின் ஆயில் சம்ப் தாழ்ந்திருந்தால் இரண்டும் முட்டும், சம்ப் கிழியும், நடுக்காட்டில் ஆயில் முழுவதும் தரையில். நின்ற நிலையில் இடைவெளி நன்றாகத்தான் தெரியும். ஆகவே அச்சுக்கு அடியில் ஜாக் கொடுத்து, பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடும் வரை தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கியபோது ஒரு விரல்தான் இடைவெளி மிஞ்சியது. இன்ஜின் ரப்பரில் ஆடும் என்பதால் இது போதாது என்று, பிராக்கெட்டை அரை அங்குலம் உயர்த்தச் சொன்னார். புள்ளிப் பற்றவைப்பை வெட்டிவிட்டு உயர்த்தி வைத்தார்கள். பத்து நிமிஷ வேலை. முழு வெல்டிங் முடிந்த பிறகு தெரிந்திருந்தால் இரண்டு நாள் போயிருக்கும், சேசிஸும் சூட்டில் கெட்டிருக்கும்.

வயரிங்கில் ஹீட்டர் பிளக்குக்குப் புதிதாக லைன் இழுக்க வேண்டியிருந்தது. இந்த பெஜோ இன்ஜினுக்குக் குளிர் காலையில் பிளக் சூடேறும் வரை பொறுக்க வேண்டும். மச்சினனுக்கு அந்தப் பொறுமை வர ஒரு வாரம் ஆனது.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் 1,42,600 ரூபாய். பில் உள்ளது 1,31,000க்கு. டி.ஐ. இன்ஜினையும் அதன் காகிதங்களோடு விற்றதில் 38,000 திரும்பி வந்தது. புதுப்பித்தல் சோதனையில் எண் பார்த்தார்கள், சி.சி. பார்த்தார்கள், ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். வண்டி முன்பு போல் இழுக்கிறதா என்றால், இல்லை. அந்த மண் பாதையின் கடைசி ஏற்றத்தில் முன்பு இரண்டாவது கியரில் போன இடத்தை இப்போது டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டு ஏறுகிறார். மெதுவாகத்தான் போகிறது. ஆனால் இந்த மழைக்காலம் முடிந்தும் முன் பேரிங் சத்தம் போடவில்லை.

மேஸ்திரி அய்யாவுக்கு எவ்வளவு தருவது என்று கேட்டபோது அவர் பணம் வேண்டாம் என்றார். நாங்கள் விடவில்லை. தொழில் தெரிந்தவரின் நேரத்தை இலவசமாக வாங்குவது எனக்குச் சம்மதம் இல்லை. கடைசியில் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு, "அதோட ரெண்டு கிலோ மிளகும் குடுங்க சார், என் வீட்டம்மா கேட்டா" என்றார். இன்னொன்றும் கேட்டார். அந்த அளவுத் தாள்களின் நகல் ஒரு செட். இதே மாதிரி துளையை அகலப்படுத்திய எம்.எம். 540 ஒன்று சிறுமலையில் நிற்கிறதாம், அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம்.

அந்தத் தாளின் வெற்று மாதிரியை நம் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். நம் ஜெனரேட்டர் அதிர்கிறது என்று மூன்று மாதமாக ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு முதல் தாளை நானும் பி பிளாக் நண்பர் ஒருவரும் வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நிரப்பப் போகிறோம். டயல் கேஜ் இரவல் கேட்டிருக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.